சாண்டிநல்லாப் படிவும் நீலகிரிப் புல்வெளியின் வயதும்

நீலகிரி மேட்டுநிலத்துப் புல்வெளிகள் மனிதர் காடழித்தும் தீ வைத்தும் உண்டாக்கியவை என்ற கருத்து இன்னும் முற்றாக ஓயவில்லை. எருமை மேய்ச்சலையும் காட்டெரிப்பு வேளாண்மையையும் காரணமாகக் காட்டும் அவ்வாதம், சோலைகளைப் பழைய பெருங்காட்டின் எச்சமாகக் கொள்கிறது. அது நிற்காது. ஆயினும் அதை மறுப்போர் தம் முதன்மைச் சான்றைக் கையாளும் முறையும் எனக்கு உடன்பாடானதன்று.

அச்சான்று உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவின் பீட் படிவு. அதன் கார்பன்-13 அளவீடுகள் 1993இல் வெளியாயின. மரங்கள் உள்ளிட்ட சி3 தாவரங்களின் எச்சம் ஏறத்தாழ -27‰ அளவிலும், வெப்பமண்டலப் புற்களான சி4 வகையின் எச்சம் -13‰ அளவிலும் நிற்கும். பனியூழி உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், சி4 ஓங்கியிருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது சி3 ஏறி, பிறகு மீண்டும் இறங்கியிருக்கிறது. மலைக்கு ஏரோ எருமையோ வந்ததாக எவரும் சொல்லாத காலத்துப் புல் இது.

சதுப்பில் வளரும் கோரைகளிலும் சி4 வகை உண்டு; ஆகவே படிவு காட்டுவது சதுப்பை மட்டுமே என்பது கனமான ஆட்சேபம். ஆனால் கோரையின் மகரந்தமும் புல்லின் மகரந்தமும் உருப்பெருக்கியில் வேறு வேறாகத் தெரிபவை. இம்மலைப் படிவுகளில் புல்லின் மகரந்தம் தாராளமாகவே கிடைக்கிறது. பனியூழியில் காற்றின் கரியமில வாயு குறைந்திருந்ததும் சி4 தாவரங்களுக்குச் சாதகம். எனவே சி4 ஏற்றம் முழுவதையும் வறட்சியின் கணக்கில் எழுதுவது மிகை. அது தட்பவெப்பத்தைப் பற்றிய திருத்தம். புல்லின் தொன்மையை அசைக்காது.

என் கருத்து வேறுபாடு இடத்தைப் பற்றியது. படிவு கிடப்பது பள்ளத்தாக்கின் அடியில். தெளிந்த ஜனவரி இரவுகளில் குளிர்காற்று சரிவிறங்கித் தேங்குவதும் அங்கேதான். தலைக்குந்தாவில் புல் வெளுத்து உறைந்துகிடக்கும் காலையில், மேலே சற்று ஏறினால் வெறும் பனித்துளிதான். கேரட் பயிரிடுவோர் விடியுமுன் தெளிப்பான் ஓட்டுவதும் தாழ்நிலத்தில்தான். ஆக, மேட்டுநிலத்தின் மிகக் குளிர்ந்த மூலையின் வரலாற்றை எல்லாச் சரிவுகளுக்கும் பொதுவாக்குகிறோம். சோலைகளும் மடிப்புகளில்தானே நிற்கின்றன எனலாம். கவிந்த இலைக்கூரையின் கீழ் நிலம் அவ்வளவு வெப்பம் இழப்பதில்லை. உறைபனியில் கருகுவது வெட்டவெளியில் முளைத்த கன்று. சீகை மரம் புல்வெளியில் தழைக்கிறதே என்போருக்கு ஒரு வரி போதும்: 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், சோலைக் கன்றின் தாங்குதிறனுக்கு அளவுகோலாகாது.

ஆகவே பள்ளத்துப் புல்வெளி இயற்கையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சரிவுகளிலோ சோலையின் விளிம்பு முன்னும் பின்னும் நகர்ந்திருக்கலாம். சில இடங்களில் தீயும் அதைத் தள்ளியிருக்கலாம். இதைச் சொல்லக்கூடியது சரிவின் கருமண். எரிமலைச் சாம்பல் இல்லாமலே, மட்கு அலுமினியத்தோடு பிணைந்து, எரிமலை மண்ணின் குணம் கொண்டுள்ள அம்மண்ணிலும் அதே கார்பன் கையொப்பம் பதிந்திருக்கிறது. உருளைக்கிழங்குக்காகக் கொத்திய சரிவுகளில் மேலடுக்கு கலைந்து, மழைதோறும் அரித்துப் போகிறது. உழவு படாத மேற்குச் சரிவுகளில், சோலை விளிம்பிலிருந்து புல்வெளிக்குள் வரிசையாகக் குழி தோண்டி, அடுக்கடுக்காக அளப்பதே அடுத்துச் செய்ய வேண்டியது.