ஆமூர்க் களத்தில் இரண்டு கால்கள்: புறநானூறு 80 குறித்து ஒரு மறுப்பு

முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை வென்ற, உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் மூன்று பாட்டிலும் (புறம். 80–82), பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் மூன்று பாட்டிலும் (83–85) பாடியது தெரிந்த செய்தி. கிள்ளியின் தோளையும் வேகத்தையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. காலைப் பற்றி மட்டும் இன்றுவரை பழைய உரைகாரர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை.

80ஆம் பாட்டு இரண்டு கால்களுக்கும் தனித்தனி வேலை தருகிறது. ஒன்று மல்லனின் மார்பை அடைகிறது. மற்றது அவன் பாய்ச்சலைத் தாங்கி முதுகுப்புறம் போகிறது. உரைகாரர் முதற்காலை மார்பின்மேல் மண்டியாக மடித்து வைத்ததாகவும், அடுத்ததை முதுகில் வளைத்ததாகவும் எழுதுகிறார். மார்பில் மண்டியிட வேண்டுமானால் மல்லன் மல்லாந்து கிடக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவன் முதுகு மண்ணோடு ஒட்டியிருக்க, மறுகால் அங்கே எப்படி வளையும்? ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் விழுந்து கிடப்பவனுக்குப் பாய்ச்சல் ஏது? பாட்டில் இரு கால்களுக்கும் வினைச்சொல் ஒன்றே. மண்டி என்பது மூலத்தில் இல்லாத சரக்கு.

பாய்ந்து வருபவனைக் கிள்ளி முன்னும் பின்னுமாக இரு காலாலும் கவ்விப் பூட்டினான் என்று கொண்டால் சிக்கல் தீர்கிறது. கால் பூட்டிவிட்டதால் கை விடுதலை பெறுகிறது. தலைப்பக்கமும் கால்பக்கமும் முறிய மோதினான் என்று பாட்டு முடிப்பதற்கு அந்தக் கைகள் வேண்டும். புலவர் காட்டும் உவமை, பசியோடு மூங்கிலை முறிக்க முயலும் யானை. யானையின் காலை அவர் குறிப்பிடவில்லை என்பது உண்மைதான். மூங்கிலைக் காலால் மிதித்துக்கொண்டு துதிக்கையால் இழுத்து முறிக்கும் யானையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? என் வாதத்தில் மெலிந்த இடம் இது என்று தெரிந்தும் இதையே அழுத்திச் சொல்கிறேன். காலை அடிக்கும் உறுப்பாக அல்லாமல் பிடிக்கும் உறுப்பாக வைத்தால்தான் உவமை பொருந்துகிறது.

பாட்டின் துறை எருமை மறம். படை உடைந்தோட, ஒருவன் தனித்து நின்று பகையைத் தடுப்பது அது. துறை வகுத்தவரும் நின்று தாங்கிய ஒருவனையே கண்டிருக்கிறார். ஆனால் துறைக்குறிப்புகள் பாட்டுக்குப் பிற்பட்டவை. அவற்றின் காலமும் உரைகாரர் காலமும் தீர்ந்தபாடில்லை. தித்தன் காலமும் அப்படியே. ஆகவே இதைத் துணைச்சான்று என்றுமட்டும் வைக்கிறேன். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களின் வீரர்களைக் காட்டிக் கிள்ளியின் நிலையை விளக்க யாருக்கும் ஆசை வரும். ஓராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியை அந்த ஆசை நிரப்பாது. விசயநகர மல்லர்கள் கூர்முனை வளையங்களைக் கையில் பிடித்துக் குத்திக்கொண்டதாக எழுதிய போர்த்துகீசியர் நூனிஸின் சாட்சியும் 16ஆம் நூற்றாண்டினது.

ஒப்பிடத் தக்கது இன்றைய குத்துச்சண்டைதான், அதுவும் வேற்றுமைக்காக. அங்கே கால் தரையை உந்துகிறது. விசை இடுப்பு வழியே கைமுட்டிக்கு ஏறுகிறது. தேர்ந்த வீரர்களின் குத்து விசையில் ஏறத்தாழ 38 விழுக்காடு காலிலிருந்து வருகிறது, இளையோரிடம் அது 16 சொச்சமே என்று 1985இல் வெளியான ஃபிலிமோனோவ் குழுவினரின் ஆய்வு கணக்கிட்டது. தேர்ச்சி ஏற ஏற வேலை கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. ஆனாலும் 1867இன் குயின்ஸ்பெரி விதிகள் கட்டிப்பிடிப்பதை விலக்கிய பிறகு அந்தக் கால் எதிராளியைத் தொட வழியில்லை. கிள்ளிக்கு அப்படி ஒரு விலக்கு இருந்ததாகப் பாட்டில் தெரியவில்லை. புற்கை உண்டு வாழ்ந்தவன் என்று நக்கண்ணையார் சொல்லும் ஒருவன், மதவலி மிக்க மல்லனை வெறும் தோள் பலத்தால் வென்றான் என்பதைவிடக் காலால் கட்டினான் என்பது நம்பத் தக்கது.

ஆமூர் எது என்பதும் முடிவாகவில்லை. திருச்சி–முசிறி வழியில் குணசீலத்துக்கு அருகே ஓர் ஆமூர் உண்டு. சிறுபாணாற்றுப்படை ஆமூரோ ஓய்மான் நாட்டது. உறையூருக்குப் பக்கம் என்பதால் முன்னதை நோக்கி மனம் சாயலாம், அதற்குமேல் போக இயலாது. ஊர் எதுவானாலும், 80ஆம் பாட்டை இனி உரையோடு பதிப்பிப்பவர்கள் மண்டி என்ற விளக்கத்தை மூலம்போல அச்சிடாமல், உரைகாரரின் ஊகம் என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும்.