உயிரணு விதி நிர்ணயம்

முளைக்கருவில் உள்ள ஓர் உயிரணு தோலாகுமா, தசையாகுமா, நரம்பாகுமா என்பது உறுதிப்படும் நிகழ்வு உயிரணு விதி நிர்ணயம் எனப்படும். அணுவின் உருவம் மாறுவதற்கு முன்பே இது நடந்துவிடுவதால், அணுக்களை இடம் மாற்றி நட்டே கண்டறிகிறார்கள். புது இடத்துக்கு ஏற்ப வளர்ந்தால் விதி இன்னும் முடிவாகவில்லை. பழைய வழியிலேயே வளர்ந்தால் முடிவாகிவிட்டது.

தொடக்கம்: மரபுப்பொருள் உயிரணுக்களிடையே படிப்படியாகப் பங்கிடப்படுகிறது, கிடைத்த பங்கே அணுவின் விதி என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகஸ்ட் வைஸ்மான் கருதினார். 1888இல் வில்ஹெல்ம் ரூ, இரண்டு அணுக்களாகப் பிரிந்திருந்த தவளைக் கருவில் ஒன்றைச் சுட்ட ஊசியால் கொன்றபோது, மற்றது அரைக்கருவாகவே வளர்ந்து, அக்கருத்தை ஆதரிப்பதாகத் தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலிக் கருவைக் குலுக்கி அணுக்களைத் தனித்தனியாக்கினார். ஒவ்வொன்றும் அளவில் சிறிய முழு இளவுயிரி ஆயிற்று. ரூவின் சோதனையில் செத்த அணு ஒட்டியே கிடந்தது. அதை அகற்றினால் தவளையிலும் முழுக்கரு கிடைக்கும் என்பது பின்னர் தெரியவந்தது.

அண்டை அணுக்களின் பங்கு: ஹான்ஸ் ஸ்பெமான், நியூட் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் கருவில், தோலாக வேண்டிய பகுதியை நரம்புப் பகுதிக்கு மாற்றி நட்டார். கருவின் அணுக்கள் உள்மடிந்து அடுக்குகளாகும் கேஸ்ட்ருலா நிலையின் தொடக்கத்தில் மாற்றியது நரம்பாயிற்று. அந்நிலையின் முடிவில் மாற்றியது தோலாகவே நின்றது. 1924இல் அவரும் ஹில்டே மங்கோல்டும், ஒரு கருவில் அணுக்கள் உள்மடியும் துளையின் முதுகுப்புற உதட்டை வேறொரு நியூட் இனத்தின் கருவில் பதித்ததை வெளியிட்டனர். அங்கே இரண்டாவது உடலச்சு உருவானது. நிற வேறுபாட்டைக் கொண்டு, அதன் பெரும்பகுதி, பதியத்தை ஏற்ற கருவின் அணுக்களால் ஆனது என்று கண்டனர். பதித்த அந்த உதட்டுப் பகுதி ‘அமைப்பான்’ எனப் பெயர்பெற்றது. ஹில்டே அதே ஆண்டில் தீவிபத்தில் இறந்தார். ஸ்பெமான் 1935இல் நோபல் பரிசு பெற்றார்.

மரபணுக்கள்: தலைப்பிரட்டையின் குடலணு உட்கருவை, தன் உட்கரு செயலிழந்த தவளை முட்டையில் ஜான் கர்டன் செலுத்தினார். சில முட்டைகள் நீந்தும் தலைப்பிரட்டைகளாயின (1962). முதிர்ந்த அணு மரபணுக்களை இழப்பதில்லை, தேவையற்றவற்றை அடக்கி வைக்கிறது என்று இதனால் புலனாயிற்று. 1987இல், மயோடி என்ற ஒரே மரபணு, இணைப்புத் திசுவின் நாரரும்பணுவைத் தசையணுவாக்குவது கண்டறியப்பட்டது. 2006இல் ஷின்யா யமனாக்கா நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் தோலணுக்களை, உடலின் எவ்வகை அணுவாகவும் ஆகக்கூடிய பன்திறன் குருத்தணுக்களாக மீட்டார். 2012இல் கர்டனும் யமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இன்றைய விளக்கம்: முட்டைக்குள் சமமின்றிப் பரவிய பொருள்களும் அண்டை அணுக்களின் சமிக்ஞைகளும் சில மரபணுக்களை இயக்குகின்றன. அவற்றின் புரதங்களில் சில தம் மரபணுக்களையே தொடர்ந்து தூண்டுவதால், சமிக்ஞை நின்ற பிறகும் அந்நிலை நீடிக்கிறது. இயல்பான வளர்ச்சியில் அது மாறுவது அரிது. ஆய்வகத்தில் மாற்ற முடிகிறது.