கரையேறு
கரையேறு: ‘கரை’ என்ற பெயரும் ‘ஏறு’ என்ற வினையும் இணைந்த கூட்டுவினை. நீரிலிருந்து நிலத்தை அடைதல் நேர்ப்பொருள். கடன், துன்பம், பிறவி ஆகியவற்றிலிருந்து மீளுதல் வழிப்பொருள். பிறவினை ‘கரையேற்று’, மகளுக்கு மணம் முடிப்பதையும் இது குறிக்கும் (மகளைச் சுமையாகக் கண்ட காலத்தின் எச்சம்). இராமநாதபுரக் கடலோரத்தில் நேர்ப்பொருள் தேயவில்லை: மன்னார் வளைகுடாவில் முட்டையிட ஆமை கரையேறும், வள்ளத்தை மணலில் இழுத்துக் கரையேற்றுவர், இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலாடிக் கரையேறியவர் கோயிலின் 22 தீர்த்தங்களுக்குச் செல்வர்.

வழிப்பொருள் கடலில் பிறந்தது எனக் கொள்வதே பொருத்தம். கடற்கரை சமதளம், ‘ஏறு’ என்பது ஆற்றுக்கும் கண்மாய்க்குமே பொருந்தும், இராமநாதபுர மாவட்டமோ கண்மாய்கள் மலிந்தது என மறுக்கலாம். சொல்லின் வடிவத்துக்கு அம்மறுப்பு பொருந்தும், பொருளுக்குப் போதாது. கண்மாயில் இறங்கியவர் திரும்புவது இயல்பு, மீட்சியன்று. மீட்சி என்ற பொருளுக்குக் கரை காணாத நீர் வேண்டும். பிறவியைக் கடலாக உருவகிப்பது திருக்குறளிலேயே உண்டு. கல்லோடு கடலில் எறியப்பட்ட சைவ அடியார் அப்பர் கரைசேர்ந்ததாகக் கூறும் தொன்மத்தை ஒட்டி, கடலூருக்கு அருகே கரையேறவிட்டகுப்பம் என்றே ஊர்ப்பெயர் வழங்குகிறது. அங்கே உடல் பிழைத்ததும் அருள் பெற்றதும் ஒரே வினைக்குள் அடங்குகின்றன.