மரத்தின் மூக்கைத் தூக்கு, வாலைத் தரையில் விடு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டிராக்டர் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மரம் வெட்ட ஆள் இருக்கிறது, மெஷின் வாள் இருக்கிறது. வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவருவதில்தான் கவனம் குறைவு. டிராக்டரின் பின்னால் ஒரு சங்கிலியைக் கட்டித் தரதரவென்று இழுத்து வருகிறார்கள். மரத்தின் முனை மண்ணில் குத்தி நின்றுவிடும். ஓட்டுகிற பிள்ளை விடாமல் ஆக்சிலேட்டரை மிதிப்பான். முன்சக்கரம் இரண்டும் மேலே எழும். சங்கிலியை உயரமான இடத்தில் கட்டியிருந்தால் டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது.

எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு, உருண்டு வந்த மரத்தில் கால் மாட்டியது. அதன்பின் கடைசிவரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். அதனால்தான் இதை வரலாறாகவும் பாடமாகவும் சேர்த்து எழுதுகிறேன்.

நம்முடையது கரிசலும் செவலும் கலந்த காடில்லாச் சீமை. நமக்கு மரம் என்றால் நாட்டுக்கருவேலம், வேம்பு, பூவரசு, புளி, பனை. (பனையை விட்டுவிடுங்கள். 2021 முதல் மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது.) கலப்பைக்கும், வண்டியின் குடம், ஆரக்கால், வட்டைக்கும் கருவேலம்தான் உயிர். 1981-இல் ஸ்வீடன் நாட்டின் சிடா நிறுவன உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியபோது, கண்மாய் உள்வாய்களில் வனத்துறை நட்டதும் பெரும்பாலும் இந்த நாட்டுக்கருவேலமே. சீமைக்கருவேலமோ தானாகவும் பரவிக்கொண்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1 அடி விட்டம், 10 அடி நீளமுள்ள கருவேலத் தடி ஏறத்தாழ 8 கன அடி. பச்சையாக இருந்தால் 200 கிலோவைத் தாண்டும். விட்டம் 2 அடியானால் எடை எத்தனை மடங்கு? இரண்டு என்று சொன்னவர்கள் பெஞ்சு மேல் ஏறுங்கள். நான்கு மடங்கு! பார்வைக்குக் கொஞ்சம் பருமனாகத் தெரிகிற தடி முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும். பார்த்ததும் எடை தெரியாததுதான் பாதி விபத்துக்குக் காரணம்.

என் சிறு வயதில் பெரியவர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேன். பாரவண்டியின் மேல்தட்டைக் கழற்றிவிட்டு, அச்சும் இரண்டு சக்கரமும் ஏர்க்காலும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதை மரத்துக்கு மேலாகக் கொண்டுபோய் நிறுத்தி, ஏர்க்காலை மேலே தூக்கி, மரத்தை அச்சோடு கட்டுவார்கள். பிறகு ஏர்க்காலைக் கீழே அமுக்கினால் மரத்தின் முன்முனை தரையை விட்டு எழும். வால் மட்டும் மண்ணில் உரசிக்கொண்டு வரும். மாடு இரண்டும் மூச்சு வாங்காமல் நடக்கும்.

இதே தந்திரத்தைப் பெரிய அளவில் பார்க்க நமக்கு மேற்கே ஆனைமலைக்குப் போக வேண்டும். 1848 முதல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் அங்கே அரசாங்கம் தேக்கு வெட்டத் தொடங்கியது. பம்பாய்க் கப்பல் தளத்துக்கு அந்தத் தேக்கு தேவைப்பட்டது. மதராஸ் மாகாண வனத்துறை கிளெகார்ன் தலைமையில் உருவானதே அதற்குப் பின், 1856-இல்தான். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சேத்துமடைப் பக்கம் அடிவாரத்துக்குச் சறுக்கிவிட்ட இடம்தான் இன்று நாம் சுற்றுலா போகும் டாப்ஸ்லிப். பெயரே அதிலிருந்துதான் வந்தது.

சறுக்கும் இடம் வரைக்கும் மரத்தைக் கொண்டுவந்தவை யானைகள். தென்னிந்தியக் காடுகளில் யானை மரம் இழுப்பதை உற்றுக் கவனித்தால் ஒன்று புரியும். மரத்தின் முனையில் கட்டிய நார்க்கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, தலையை உயர்த்தி, மரத்தின் மூக்கைத் தூக்கிய பிறகே அடி எடுத்து வைக்கும். வேண்டாம் என்று தோன்றினால் வாயைத் திறந்துவிடும். மரம் கீழே விழும், யானை தப்பித்துவிடும். கழுத்தோடு பிணைத்துக்கொள்ளாத பிடி அது.

இழுப்பது ஒரு வித்தை என்றால் நிறுத்துவது அதைவிடப் பெரிய வித்தை. தேரோட்டம் பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் நிற்பது முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான். கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க 1907-இல் ஒரு டிராம் பாதையை ஓட்டியது. செங்குத்தான சரிவுகளில், இறங்குகிற பார வண்டியைக் கம்பி வடத்தால் ஏறுகிற காலி வண்டியோடு கட்டிவிட்டார்கள். இறங்கும் பாரமே காலி வண்டியை மேலே இழுக்கும். காலி வண்டி பாரத்தை ஓடவிடாமல் பிடிக்கும். 1963 வரை அது ஓடியது.

கடல் தாண்டி அமெரிக்காவிலும் இதே கதை. மிச்சிகன் மாநிலம் மானிஸ்டீ ஊரில் சைலஸ் ஓவர்பேக் என்ற வண்டிச்சக்கரத் தச்சர் 1870-களில் 9, 10 அடி உயரச் சக்கரங்கள் செய்து, அச்சுக்கு அடியில் மரத்தைத் தொங்கவிட்டுக் குதிரைகளால் இழுக்க வைத்தார். நம் பாரவண்டி தந்திரமேதான். சக்கரம் மட்டும் ராட்சசச் சக்கரம். ஆனால் இறக்கத்தில் மரம் குதிரைகளை முட்டித் தள்ளியது. அதற்காகப் பின்னால் நகரும் ஏர்க்கால் வந்தது. குதிரை இழுத்தால் மரம் எழும். பாரம் முன்னே தள்ளினால் மரம் தானே தரையில் இறங்கி உரசிப் பிரேக் போடும். டிராக்டர் வந்த பிறகு அந்தச் சக்கரங்கள் இரும்பு வளைவாக மாறின.

அந்த வளைவை நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் கனமான இரும்புக் குழாயில் ஒரு வளைவு. இரண்டு காலிலும் பழைய டயர் வண்டியின் சக்கரம். உச்சியில் சங்கிலி மாட்ட ஒரு கொக்கி. முன்பக்கம் 8 அடி ஏர்க்கால். ஏர்க்கால் வானத்தைப் பார்த்து நிற்கும்போது வளைவு பின்னால் சாய்ந்து தாழ்ந்திருக்கும். அப்போது மரத்தைச் சங்கிலியால் இறுக்கிவிட்டு, ஏர்க்காலை முன்னால் சாய்த்து அமுக்கினால் வளைவு நிமிரும், மூக்கு எழும். வளைவு 2 அடி, ஏர்க்கால் 8 அடி என்றால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பலம் போதும். பள்ளிக்கூட நெம்புகோல் பாடம்தான்!

ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சங்கிலியை மரத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் கட்டுங்கள். வால் தரையில் கிடக்க வேண்டும், அதுதான் உங்கள் முட்டுக்கட்டை. நட்ட நடுவில் கட்டி முழு மரத்தையும் தூக்கிவிட்டால், கண்மாய்க் கரை இறங்கும்போது பாரம் உங்களைத் துரத்தும். ஏர்க்காலை டிராக்டரின் தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்கில் ஒருபோதும் வேண்டாம். அமுக்கிய ஏர்க்காலைக் கட்டாமல் கையை விட்டால் அது துள்ளி எழுந்து தாடையைப் பெயர்த்துவிடும். மரத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது. பக்கத்தில் நடக்கக் கூடாது, சரிவில் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது. கையால் அமுக்கித் தூக்க முடியாத மரத்தை இரண்டாக அறுங்கள். விலை கொஞ்சம் குறையும், போகட்டும்.

ஆனைமலையில் யானைக்கு மலசர் பாகர் இருந்தார். தேருக்கு முட்டுக்கட்டைக்காரர் இருந்தார். நம் கண்மாய்க்குள் டிராக்டர் ஓட்டும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டாமா? உங்கள் வீட்டு டிராக்டர் டிரைவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் மரம் இழுத்த முறை வேறு ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.