சுவர் எழுப்பிய சமாதானம்



சேரி தாக்கப்பட்ட மறுநாள் நம் ஊர்களுக்கு வந்து சேரும் முதல் சொல் 'சமாதானம்'. தாலுகா அலுவலகத்தில் நாற்காலிகள் போடப்படும். வழக்கை விட்டுவிடுங்கள், ஊர் அமைதியாக இருக்கட்டும் என்பார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் அங்கே 'இரு தரப்பு' ஆகிவிடுவார்கள். அமைதிப் பண்பாட்டை வளர்ப்பது பற்றிப் பேசுமுன், இந்தச் சொல் நம் வரலாற்றில் செய்த வேலையைப் பார்த்தாக வேண்டும்.

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் நடத்தினார். இடைத்தேர்தலையொட்டி மூண்ட சாதிப் பகைமையைத் தணிப்பது அதன் நோக்கம். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இமானுவேல் சேகரன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளில் ஒருவராக அதில் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. மேசையில் சமமாக உட்கார இடம் தந்த அரசு, அப்படி உட்கார்ந்தவரின் உயிரைக் காக்கவில்லை.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சமாதானம் செங்கல்லாகவே எழுந்தது. 1989ஆம் ஆண்டுச் சாதி மோதலுக்குப் பிறகு, தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்து ஏறத்தாழ 600 மீட்டர் நீளச் சுவரை ஆதிக்கச் சாதியினர் கட்டினர். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்பதே அதற்கான நியாயம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1989இல்தான். சட்டம் டெல்லியில் இருந்தது. சுவர் ஊரில் இருந்தது.

தீண்டாமைக்கு எதிரான இயக்கங்களும் இடதுசாரிகளும் தொடர்ந்து போராடியதால் 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. உடனே 'அமைதி கெட்டது' என்ற குரல் கேட்டது. அப்படியானால் அதுவரை இருந்தது யாருடைய அமைதி? சுற்றி நடந்தே பழகிய கால்களின் மௌனத்தைத்தான் அமைதி என்று எண்ணியிருந்தார்கள். 2011இல் காவல்துறையின் முன்முயற்சியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அதன் பிறகும் உரசல்கள் ஓயவில்லை. ஆனாலும் இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது மக்களைப் பிரித்துவைத்தது. இரண்டாவது, தடுக்கப்பட்ட உரிமையைக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கியது.

இந்த வேறுபாட்டை அம்பேத்கர் மகாடில் காட்டினார். 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் நீர் அருந்தித் திரும்பியவர்கள் தாக்கப்பட்டனர். திருப்பி அடிக்கும் வலு அவர்களிடம் இருந்தது, அம்பேத்கர் தடுத்தார். ஆனால் குளத்தின் மீதான உரிமையை அவர் விடவில்லை. வழக்கு 1937 வரை நீண்டது. உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். கையை அடக்கினார்கள், கோரிக்கையை அடக்கவில்லை. அமைதிப் பண்பாடு என்று நாம் சொல்வது இதைத்தான்.

வன்முறை ஆயுதம் தூக்கும் நாளில் மட்டும் நடப்பதில்லை. தனிக்குவளையிலும், மறுக்கப்படும் சுடுகாட்டுப் பாதையிலும், தரையில் உட்காரவைக்கப்படும் ஊராட்சித் தலைவரிடத்திலும் அது நாள்தோறும் நடக்கிறது. அங்கே கலவரம் இல்லாததால் செய்தியும் இல்லை.

எனவே சமாதானக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது நாம் மறுக்க வேண்டியதில்லை. போவோம், கேள்விகளோடு போவோம். முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டதா? பாதை, நீர், கோயில், சுடுகாடு யாருக்குத் திறக்கிறது? இங்கே பேசியவர் நாளை வீடு திரும்பும்போது யார் துணை நிற்பார்கள்? பதில்களை எழுத்தில் வாங்குவோம். வன்கொடுமை வழக்கு கட்டப்பஞ்சாயத்தில் முடித்துக்கொள்ளும் பங்காளிச் சண்டை அல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் போடப்பட்ட சமாதான ஒப்பந்தங்களைத் தேடி எடுங்கள். யார் கையெழுத்திட்டார்கள், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கலவரங்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. சமாதானங்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.