ஜார்ஜ் எலியட்டும் மலாயாப் பேராசிரியரும்

விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில நாவல்களை ஆராய்ந்து நூல் செய்தோருள் பெரும்பாலோர் இங்கிலாந்தையோ அமெரிக்காவையோ சேர்ந்தவர்கள். அவர்கள் வரிசையில் மலாயா மண்ணிலிருந்து சென்று இடம் பெற்றவர் லாயிட் பெர்னாண்டோ. கோலாலம்பூரும் பெட்டாலிங் ஜெயாவும் எல்லை கலக்கும் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகமே அவர் பணியாற்றிய களம்.

1926ஆம் ஆண்டு கண்டியில் ஒரு சிங்களக் குடும்பத்தில் பிறந்த அவர், 1938இல் பெற்றோருடன் சிங்கப்பூர் வந்தார். ஜப்பானியர் போர் அவருடைய தந்தையையும் பள்ளிப் படிப்பையும் ஒருங்கே பறித்தது. மூன்று சக்கர வண்டி மிதித்தும், கட்டட வேலை செய்தும் பிழைத்த அவ்விளைஞர் 1959இல் பட்டதாரியாகி, மறு ஆண்டே கோலாலம்பூரில் உதவி விரிவுரையாளரானார். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1967இல் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் பதவி. அதே வளாகத்தில், இந்திய இயல் துறையில் தனிநாயக அடிகளார் 1966ஆம் ஆண்டின் முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு உழைத்த காலமும் இதுவே.

டாக்டர் பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்னரே, 1963இல், ஜார்ஜ் எலியட்டையும் பெண்ணுரிமையையும் டொரதியா புரூக் என்னும் பாத்திரத்தையும் இணைத்து நோக்கும் கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். டொரதியா, 'மிடில்மார்ச்' நாவலின் தலைவி. அந்நாவல் 1871 டிசம்பர் முதல் ஓராண்டுக் காலத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. ஜார்ஜ் எலியட் என்பது ஆண் பெயராயினும் அதன் பின் நின்றவர் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்மணி. (வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண் உடை தரித்து அரசாள்வது தமிழாசிரியர்களுக்கு இங்கே நினைவுக்கு வரக்கூடும். அங்குக் கதைத் தலைவி கொண்ட வேடத்தை இங்குக் கதாசிரியையே பூண்டார்.)

இருபது வயதும் நிரம்பாத டொரதியா, உலகுக்குப் பயன்பட வேண்டும் என்ற தாகம் உடையவள். அத்தாகத்துக்கு வழி காணாமல், நாற்பத்தைந்து கடந்த கசாபன் என்ற பண்டிதரை மணக்கிறாள். உலகப் புராணங்கள் அனைத்தையும் திறக்கும் சாவி ஒன்றைச் செய்வதாகச் சொல்லிக் குறிப்புகளைக் குவித்துக்கொண்டே இருக்கும் அப்பண்டிதருக்கு, அத்துறையில் முன்னேறியிருந்த ஜெர்மானியரின் மொழி தெரியாது! ஜெர்மன் நூலை ஆங்கிலமாக்கி 1846இல் வெளியிட்ட ஓர் அம்மையார் இப்படியொரு புலவரைப் படைத்தது தற்செயல் ஆகாது. கசாபன் இறந்தபின், அவர் உயிலில் விதித்த தடையை மீறிச் சொத்தைத் துறந்து லேடிஸ்லா என்னும் இளைஞனை அவள் மணக்கிறாள். அவளுடைய பெருங்கனவு ஒரு கணவனுக்குத் துணை நிற்பதோடு அடங்கிவிடுகிறது. குற்றம் யாருடையது? அவளுடையதா, அவளை வளர்த்த சமுதாயத்தினுடையதா?

பாடபேதம் நோக்கிப் பழகிய தமிழ்ப் புலவர்களுக்குச் சுவை தரும் செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. முதற்பதிப்பின் முடிவுரையில் ஆசிரியை சமுதாயத்தைக் கூண்டில் ஏற்றியே பேசினார். நோயாளி ஒருவர் தம் வயதில் பாதியும் இல்லாத பெண்ணை மணக்கக் கேட்டபோது புன்முறுவல் பூத்தது சமுதாயம் என்றும், பெண்ணுக்கு அது அளித்த கல்வி அறியாமைக்கு மறுபெயர் என்றும் சாடினார். 1874ஆம் ஆண்டின் ஒரே தொகுதிப் பதிப்பில் இச்சாடல் இல்லை. குறைபாடுள்ள சமுதாய நிலையோடு உயர்ந்த உள்ளம் ஒன்று போராடியதன் கலப்பான விளைவு என்ற பொதுக் கூற்று மட்டும் நிற்கிறது.

ஏன் நீக்கினார்? கதைக்குள் அத்திருமணத்தைக் கண்டு ஊரார் முகம் சுளிக்கவே செய்தனர். டொரதியாவின் தங்கை சீலியாவுக்கே அது பிடிக்கவில்லை. ஆகவே குற்றச்சாட்டு கதையோடு பொருந்தவில்லை என்று அக்கால விமர்சகர் சிலர் சுட்டிக்காட்டினர். திருமணத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரியே. ஆயினும் அதனோடு சேர்ந்து கல்வி பற்றிய குற்றச்சாட்டும் போயிற்று. கதை மெய்ப்பிக்கும் அதனை நீக்கியது இழப்பென்றே கொள்ளல் வேண்டும். டொரதியாவின் பயிற்சி குறைபாடுடையது என்பதற்கு நாவல் முழுவதுமே சான்று. 1869இல் தொடங்கப்பட்டுப் பின்னர்க் கர்ட்டன் கல்லூரி என்று பெயர்பெற்ற பெண்கள் கல்லூரிக்கு ஜார்ஜ் எலியட் 50 பவுன் வழங்கியிருந்தார். ஆனால் வாக்குரிமைக் கிளர்ச்சியில் அவர் வெளிப்படையாக இறங்கவில்லை. கொடுக்கும் கையும் தயங்கும் நாவும் ஒருவரிடமே இருந்தன.

கொள்கை கதைக்குள் புகும்போது கலைக்கு என்ன நேர்கிறது என்பது இத்திருத்தம் எழுப்பும் கேள்வி. பெண் விடுதலைக் கருத்துகள் நாவலுக்குள் நுழைந்த வரலாற்றைப் பெர்னாண்டோ விரிவாக ஆராய்ந்தார். விக்டோரியா காலப் பிற்பகுதி நாவல்களில் 'புதிய பெண்கள்' பற்றிய அவருடைய நூல் 1977இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஜார்ஜ் எலியட்டோடு மெரிடித், மூர், கிஸ்ஸிங், ஹார்டி ஆகியோரும் அதில் இடம்பெறுகின்றனர். பின்னைய நால்வரும் ஆடவர். பெண்ணின் வழக்கைப் பெண்ணே எழுதிய நிலை அவர்களுள் ஜார்ஜ் எலியட் ஒருவருக்கே உரியது.

அந்நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன், 1976இல், பெர்னாண்டோ தாமே ஒரு நாவல் எழுதியிருந்தார். 'ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்' என்னும் அக்கதை 1950களின் சிங்கப்பூர்க் கலவரங்களுக்கிடையே நிகழ்கிறது. தமிழன் சாந்திநாதன், மலாய்க்காரன் சப்ரான், சீனன் குவான் கெங், யூரேசியன் பீட்டர் ஆகிய நான்கு நண்பர்கள் அதில் வருகின்றனர். இனம், மொழி, நாடு பற்றிய வாதங்கள் இவர்களிடையே நிரம்ப உண்டு. ஆயினும் கலவரத்தின் கொடுமையைத் தன் உடலில் தாங்குபவள் சாலி என்ற பெண். நால்வரும் அவளை அறிந்தவர்களே. ஆனால் அவள் சீனத்தியா, மலாய்க்காரியா என்பதைக்கூட அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.