தக்காளிப் பச்சடியின் வரலாறு



தலைநகராகிய தில்லியில் மத்திய அரசு ஊழியர்கள் வாழும் குடியிருப்புகள் பல உள. அவற்றுள் ஒன்று கிட்வாய் நகர். 1952 முதல் 1954 வரை மத்திய அரசில் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக விளங்கி, அப்பொறுப்பில் இருக்கும்போதே மறைந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரை அது தாங்கியிருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டு முறையையும் படிப்படியாகத் தளர்த்தி, மக்கள் தாம் விரும்பும் தானியத்தைக் கடையில் வாங்கியுண்ண வழிவகுத்தவர் அவர். உணவு அமைச்சரின் பெயர் பூண்ட ஊரில் குடியிருந்துகொண்டு உணவின் வரலாற்றைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பொருத்தமேயன்றோ?

இச்சிந்தனை நம் இல்லத்துச் சமையலறையில் எழுந்தது. சென்ற ஆண்டு நம் தந்தையாரின் திதி வந்தது. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் அன்னையார் விடியற்காலையிலேயே நீராடி அடுப்படியில் புகுந்துவிட்டார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் மகள், பாட்டிக்கு உதவும் ஆர்வத்தில், ரசத்திற்கென நான்கு தக்காளிகளைக் கழுவி எடுத்துச் சென்றாள்.

"திதியன்று அது கூடாதம்மா. அது சீமைக்காய், நம்முடையது அன்று" என்றார் அன்னையார்.

"தக்காளி சீமைக்காயா, பாட்டி? அப்படியானால் நம்முடைய காய்தான் எது?" என்று கேட்டாள் மகள்.

அன்னையார் விடை கூறவில்லை. மிளகை வறுப்பதில் முனைந்துவிட்டார். ஆயின் அந்த வினா நம்மை விடவில்லை. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் போன்றோர் இல்லங்களில் இவ்வினா ஏதேனும் ஒரு வடிவில் எழாத நாளில்லை. எது நம்முடையது? எதைக் காக்க வேண்டும்? எதை விட்டுவிடலாம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரேசில் நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய அண்டை வீட்டு நண்பர் நம் இல்லத்திற்கு உணவருந்த வந்தார். அந்நாட்டார் உணவோடு சேர்த்துண்ணும் ஒரு பக்குவத்தைத் தாமே செய்து காட்டுவதாகக் கூறி, அரிவாள்மணையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 'வினகிரேட்டே' என்பது அதன் பெயர். காடி எனத் தமிழில் வழங்கும் வினிகரைச் சேர்ப்பதால் வந்த பெயர் அது.

செய்முறை மிக எளிது. கெட்டியான தக்காளி நான்கை விதை நீக்கிப் பொடியாக அரிய வேண்டும். பெரிய வெங்காயம் ஒன்றையும், பாதிக் குடைமிளகாயையும் அதே அளவில் அரிந்து சேர்க்க வேண்டும். அரிந்த வெங்காயத்தைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் இட்டு வடித்தால் காரம் தணியும். வெங்காயத்தை அரியும்போது அதன் உயிரணுக்கள் சிதைந்து உண்டாகும் கந்தகப் பொருள்களே அக்காரத்திற்கும் நம் கண்ணீருக்கும் காரணம். பின்னர் மூன்று கரண்டி வினிகரும், இரண்டு கரண்டி எண்ணெயும், அளவாக உப்பும் கூட்டிக் கலந்து அரைமணி நேரம் மூடி வைத்தல் வேண்டும். உப்பு, தக்காளியின் சாற்றை வெளியே இழுத்துவிடும். அச்சாறு வினிகரோடு கலந்து மெல்லிய புளிப்புக் குழம்பாகிக் காய்த்துண்டுகளை நனைக்கும். பரிமாறும் தறுவாயில் கொத்துமல்லித் தழையைத் தூவினால் பக்குவம் முடிந்தது. அடுப்பும் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். பிரேசிலியர் இதைத் தணலில் வாட்டிய இறைச்சியோடும், வேகவைத்த அவரை விதையோடும் சோற்றோடும் உண்கின்றனர்.

நண்பர் கிண்ணத்தை மேசையில் வைத்தவுடன், "இது கச்சும்பர் அல்லவா!" என்றாள் மகள். பஞ்சாபியர் இல்லங்களில் வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஆகியவற்றை அரிந்து எலுமிச்சை பிழிந்து வைக்கும் அதே உணவு அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அன்னையார் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு, "தயிரை விட்டால் நம் பச்சடி" என்றார். ஒரே கிண்ணத்திற்கு ஒரு நொடியில் மூன்று பெயர்கள் கிடைத்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது ஒரு விந்தையாகவே பட்டது. கடல்கள் கடந்து கிடக்கும் பிரேசிலின் கிண்ணமும் நம் கிண்ணமும் இத்துணை ஒத்திருப்பது எங்ஙனம்?

விடையைத் தேடப் புகின் 1500ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள், பெத்ரோ ஆல்வரிசு கப்ரால் என்னும் போர்ச்சுகீசியத் தலைவன் 13 கப்பல்களுடன் லிஸ்பனிலிருந்து புறப்பட்டான். அவன் நாடிய இடம் நம் நாட்டின் கோழிக்கோடு. நாடிய பொருள் மிளகு. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1498இல், வாஸ்கோட காமா கண்டுசென்ற வழியே அவன் வழி. ஆயின் அட்லாண்டிக் கடலில் வெகுதூரம் மேற்கே சென்ற அக்கப்பல்கள் ஏப்ரல் 22ஆம் நாள் ஒரு புதிய கரையைக் கண்டன. அக்கரையே பின்னாளில் பிரேசில் ஆயிற்று. அங்கிருந்து மீண்டும் பாய்விரித்த கப்பல்களுள் சில புயலில் மூழ்கின. எஞ்சியவை செப்டம்பரில் கோழிக்கோட்டை அடைந்தன. வணிகப் போட்டி முற்றி, டிசம்பரில் அங்கே போர்ச்சுகீசியர் பலர் கொல்லப்பட்டனர். கப்ரால் கப்பல்களை எரித்தும் நகரின்மீது பீரங்கிகளால் சுட்டும் பழிதீர்த்துச் சென்றான். பிரேசிலின் கரையையும் மலையாளக் கரையையும் முதன்முதல் இணைத்தது அந்த ஒரே பயணம். நம் சமையலறை வரலாற்றிலும் இரத்தக்கறை உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1510இல் கோவா போர்ச்சுகீசியர் வசமாயிற்று. அதன்பின் கடல்வழியாகப் புதிய உலகத்தின் செடிகளும் விதைகளும் நம் கரையில் இறங்கலாயின. முதலில் வேரூன்றியது மிளகாய். அன்னாசியும், முந்திரியும், கொய்யாவும், பப்பாளியும், நிலக்கடலையும், மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் செல்வங்களே. இவற்றுள் அன்னாசி என்னும் பெயரே பிரேசிலின் பழங்குடிகளாகிய தூப்பி மக்களின் மொழியில் தோன்றிப் போர்ச்சுகீசியர் வாய்வழியாகத் தமிழுக்கு வந்ததாகும்.

தக்காளியின் பயணம் இன்னும் சுற்றுவழி. அதன் காட்டு முன்னோர்கள் தென்னமெரிக்காவின் மேற்கிலுள்ள ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தவை. அதைப் பயிராக்கிப் பெருங்கனியாக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோ நாட்டுத் தொல்குடியினர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றனர். 1544இல் மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் தம் நூலில் அதைக் குறித்தார். நச்சுச் செடிகள் சில அதன் இனத்தில் இருந்தமையால், ஐரோப்பியர் பலர் நெடுநாள் அதை உண்ண அஞ்சினர். நம் நாட்டிற்கு வந்த பின்னரும் அது விரைவில் பரவவில்லை. 1889 முதல் 1893 வரை வெளிவந்த இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுவதாக ஜார்ஜ் வாட் குறித்துள்ளார்; இந்தியரும் அதை விரும்பத் தொடங்கியிருப்பதாகவும் அவர் எழுதினார். ஆகவே அன்னையார் 'சீமைக்காய்' என்றது வெறும் பழக்கப் பேச்சன்று. அவர்தம் பாட்டியார் காலத்தில் அது மெய்யாகவே புதிய காய்தான்.

எனினும் பெயரைப் பாருங்கள். தக்காளி என்பது கடல்கடந்து வந்த சொல் அன்று. மணத்தக்காளியும், பிள்ளைகள் நெற்றியில் அடித்து ஒலியெழுப்பி மகிழும் சொடக்குத் தக்காளியும் நம் வயல் வரப்புகளில் முன்பே விளைந்தவை. புதிய கனி வந்தபோது, அவற்றின் சாயலைக் கண்டு, நம் மக்கள் அதே பெயரை அதற்கும் சூட்டினர். சிலர் 'சீமை' என்னும் அடைமொழியையும் முன்னே வைத்தனர். இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தாவர நூலார் கூறுவர். நூல் கற்காத உழவர் தம் கண்ணாலேயே அவ்வுறவைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். மிளகாயும் அங்ஙனமே: மிளகைப் போல் காரமுள்ள காய் ஆதலின் மிளகாய்.

இதே செயலைப் பிரேசிலியரும் செய்துள்ளனர் என்பதுதான் சுவையான செய்தி. அவர்கள் தம் நாட்டு மிளகாயை 'பிமெண்டா' என்கின்றனர். நம் மலையாளக் கரையின் மிளகோ, போர்ச்சுகல் அரசின் வழியாக அவர்களுக்கு வந்தமையால், 'அரச நாட்டுப் பிமெண்டா' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. நாம் அவர்கள் பக்கத்துக் காய்க்குச் 'சீமை' என்று அடைமொழி கொடுக்க, அவர்கள் நம் மிளகுக்குச் 'சீமை' என்று அடைமொழி கொடுத்துள்ளனர்! மாம்பழத்தை அவர்கள் 'மாங்கா' என்றே அழைக்கின்றனர்; பலாவை மலையாளச் 'சக்க' என்னும் சொல்லினின்று பிறந்த 'ஜாக்கா' என்னும் பெயரால் வழங்குகின்றனர். பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களில் பெருந்தொகையாக மேயும் மாட்டினத்திற்கு 'நெலோர்' என்று பெயர். முன்னாளைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முதல் கப்பலேறிச் சென்ற மாடுகளின் வழித்தோன்றல்களே அவை. கொடுத்தோம்; கொண்டோம்.

இவ்வாறு பார்க்கும்போது, நம் பச்சடியில் 'நம்முடையது' என ஐயமின்றிச் சொல்லத்தக்கது எது? வெங்காயம் மத்திய ஆசியாவிலிருந்து பண்டைக்காலத்தில் வந்தது. கொத்துமல்லி மேற்கு ஆசியாவையும் மத்தியதரைக் கடற்பகுதியையும் சார்ந்தது. தமிழர் சமையலின் உயிர்நாடி என நாம் கருதும் புளியும் ஆப்பிரிக்காவில் தோன்றிய மரத்தின் கனியே. அதை இந்தியாவின் பேரீச்சை என்று அராபியர் அழைத்தமை, அது எத்துணைப் பழங்காலத்திலேயே நம் மண்ணில் நிலைத்துவிட்டது என்பதைக் காட்டும். ஆக, நம் கிண்ணத்தில் உள்ளவை யாவும் என்றோ ஒருநாள் குடிபெயர்ந்து வந்தவையே. அவற்றை உண்ணும் நாமும் குடிபெயர்ந்து வந்தவர்களே.

அங்ஙனமாயின், திதியன்று தக்காளியை விலக்கும் வழக்கம் பொருளற்றதா? அன்று எனத் துணிந்து கூறுவோம். அந்நாளில் பல இல்லங்களில் மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும், முட்டைக்கோசும் விலக்கப்படுகின்றன. வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, இஞ்சி, மிளகு, சீரகம், பயற்றம்பருப்பு ஆகியவை இடம்பெறுகின்றன. வெங்காயத்தை விலக்குவதற்குக் காரணம் வேறு. அது சமயநெறி பற்றியது. மற்றவற்றைக் கூர்ந்து நோக்கினால், கப்பல்கள் வருவதற்கு முன் நம் முன்னோர் உண்ட உணவு எத்தகையது என்பது அந்த ஒருநாள் இலையில் நம் கண்முன் விரிகிறது. அரசர்கள் கல்லில் வெட்டிவைத்தனர். நம் பாட்டிமார் இலையில் எழுதிவைத்தனர். கல்வெட்டைப் படியெடுக்க அரசுத் துறை உளது. இலையெழுத்தைப் படியெடுப்பார் யார்?

இங்குதான் வெளிமாநிலத்துத் தமிழர்க்கு ஒரு கடமை காத்திருக்கிறது. ஊரில் இவ்வழக்கம் மறந்துபோனால் பக்கத்து வீட்டிலேனும் கேட்டறியலாம். தில்லியில் நமக்கு அவ்வாய்ப்பு அரிது. 2014ஆம் ஆண்டிற்குப் பின் கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, வானளாவிய அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரே வரிசையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்கள் பல திசைகளிலும் சிதறின. வீடுகளைப் போலவே நினைவுகளும் ஒரு தலைமுறையில் தரைமட்டமாகிவிடக் கூடும்.

அதற்காகத் தக்காளியைப் பகைக்க வேண்டுவதில்லை. 1998 நவம்பரில் தில்லிச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, வெங்காய விலையே ஊரெங்கும் பேச்சாக இருந்தது; ஆளுங்கட்சி தோற்றது. 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, மத்திய அரசே வண்டிகளில் ஏற்றி அதை மலிவு விலையில் விற்பிக்க நேர்ந்தது. ஐரோப்பியருக்கென வளர்க்கப்பட்ட காய் ஒன்றேகால் நூற்றாண்டிற்குள் இத்துணை இன்றியமையாததாயிற்று. இன்று தக்காளி விளைச்சலில் சீனத்திற்கு அடுத்த இடம் நம் நாட்டினுடையது. உழுது விளைவித்து, பெயரிட்டு, பிள்ளைகளுக்கு ஊட்டிய பின் அது நம்முடையதன்றி வேறு யாருடையது?

இவ்வாண்டுத் திதியன்று நம் மகள் தக்காளியை எடுக்கவில்லை. மாறாக, ஒரு குறிப்பேட்டுடன் பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்தக் காய், எவ்வளவு மிளகு, எதன்பின் எது என்று எழுதிக்கொண்டாள். எழுத்தில் பிழைகள் மிகுதி. அன்னையார் சொல்லச் சொல்ல நாம் அவற்றைத் திருத்தினோம். மறுநாள் காலை ஐ.என்.ஏ. சந்தையிலிருந்து தக்காளியும் வெங்காயமும் வந்தன. அவற்றை அன்னையாரே பொடியாக அரிந்து, வினிகருக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்து வைத்தார். அந்தக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் அப்பக்குவத்தையும் எழுதுமாறு மகளிடம் கூறினார். தலைப்பு என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள்.

"பச்சடி என்றே எழுது" என்றார் அன்னையார்.